ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு எந்தப் படம் ஒத்துவரும்?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வந்த முதலாண்டு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவரை. இருவருமே பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் எழுதியவர்கள். டென்ஸ் அட்டவணை தெரியும். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் ஆக்கத் தெரியும். தன் ஊர், குடும்பம், வேலை பற்றித் தட்டுத்தடுமாறி நாலு வரி பேசிவிடுவார்கள். ஐரோப்பிய அளவுகோலில் ஏ2 என்று சொல்லப்படும் நிலை இது. இவர்கள் முன்னால் ஓர் ஆங்கிலப் படத்தை ஓடவிட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே காது கைவிட்டுவிடும், கண் சப்டைட்டிலுக்கு ஓடும், அது மாறும் வேகத்துக்குப் படிக்க முடியாமல் அதையும் விட்டுவிடுவார்கள். அப்புறம் அடுத்த சண்டைக் காட்சி வரைக்கும் செல்போன்தான்.

தவறு பெரும்பாலும் தேர்வில்தான் நடக்கிறது. குழந்தைகள் படம் என்பதால் சுலபமாக இருக்கும், நல்ல கருத்துள்ள படம், எனக்குப் பிடித்த படம் என்று மூன்று காரணங்களுக்காகத்தான் வகுப்புக்குப் படம் எடுக்கப்படுகிறது. காதில் விழும் ஆங்கிலம் எவ்வளவு கடினம் என்பதற்கும் இந்த மூன்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கதை எளிதாக இருக்கலாம், வசனம் அப்படி இருக்காது.

குழந்தைகள் படம் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுவது நல்லது. சொற்றொகை ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் ‘ஷ்ரெக்’ படத்தின் வசனத்தை எண்ணிப் பார்த்தார். அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டுமானால் ஏறக்குறைய 7,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. சொற்குடும்பம் என்றால் ஒரு மூலச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு கணக்கு. 2009-இல் ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் இருவரும் 318 படங்களை இதேபோல் அலசினார்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், ஆ, ஓ போன்ற ஒலிச்சொற்கள் தெரியும் என்று வைத்துக்கொண்டு, மிக அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்தால் வசனத்தில் சுமார் 95 சதவீதத்தை எட்டலாம். 98 சதவீதத்துக்கு 6,000 வேண்டும். நம் மாணவரிடம் எழுத்தில் பார்த்தால் அடையாளம் தெரிகிற சொற்கள் ஓராயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ இருக்கும். காதில் விழுந்தால் பிடிபடுகிற சொற்கள் அதிலும் குறைவு. முழுப்படத்தையும் கேட்டுப் புரிந்துகொள்வது இந்த நிலையில் யாருக்கும் நடக்காத காரியம். ஆனால் படத்தின் சராசரி வேறு, அதிலுள்ள ஒரு காட்சி வேறு. வகுப்புக்கு வேண்டியது மூன்று நான்கு நிமிடம் ஓடும் ஒரு காட்சி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம்.

காது எங்கே தோற்கிறது

நம் மாணவர்களுக்குச் சொல் தெரியாததைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. தெரிந்த சொல்லே காதில் பிடிபடுவதில்லை. தமிழில் ஒவ்வோர் அசையும் கிட்டத்தட்ட முழு உருவத்தோடு ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத அசைகள் நசுங்கிப் போகும். ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று ஆறு சொல்லாகப் படித்தவருக்குப் படத்தில் ‘வாட்டய கன டூ’ என்று ஒரே மூச்சில் வருகிறது. ‘டிட் யூ’ என்பது ‘டிஜ’ ஆகிறது. ‘குட் ஹேவ்’ என்பது ‘குடவ்’. இதில் மிக மோசமாக ஏமாற்றுவது அமெரிக்கப் பேச்சில் வரும் ‘கேன்’, ‘கான்ட்’ ஜோடி. முடியும் என்று சொல்லும்போது அந்தச் சொல் ‘க்ன்’ என்று சுருங்கிவிடும். முடியாது என்று சொல்லும்போதுதான் ‘கேன்’ என்று தெளிவாக ஒலித்து, கடைசி ‘ட்’ வெளியே வராமல் தொண்டையிலேயே நின்றுவிடும். ‘கேன்’ என்று நன்றாகக் கேட்ட மாணவர் ‘முடியும்’ என்று எழுதிவைப்பார். அவர் கவனக்குறைவாக இல்லை, கற்றுக்கொடுத்தபடியே கேட்டிருக்கிறார்.

ஆகவே சொல்லின் கடினத்தைப் பார்ப்பதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள்? இருவர் மாறிமாறிப் பேசினால் நல்லது, மூவர் என்றால் சமாளிக்கலாம், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசுகிற குடும்பச் சாப்பாட்டு மேசைக் காட்சி வேண்டவே வேண்டாம். பேசுகிறவரின் முகம் திரையில் இருக்கிறதா? முதுகு காட்டிப் பேசுவது, கார் ஓட்டிக்கொண்டே பேசுவது, பக்கத்து அறையிலிருந்து குரல் மட்டும் வருவது எல்லாமே கடினம். பின்னணி இசை வசனத்துக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? பேசப்படும் பொருள் கண்ணுக்குத் தெரிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஒருவர் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினால் தெரியாத பத்துச் சொல் இருந்தாலும் காட்சி புரியும். இருவர் உட்கார்ந்து இறந்துபோன அப்பாவைப் பற்றிப் பேசினால் எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தாலும் பிடி கிடைக்காது.

எடுத்துப் பார்க்கும் முறை

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். காட்சியைச் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுப் பாருங்கள். யார் யார், எங்கே இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், கடைசியில் கிடைத்ததா என்ற நான்கையும் சத்தமில்லாமலேயே சொல்ல முடிந்தால் அந்தக் காட்சி தேறும். முடியாவிட்டால் வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே பார்த்த படம் என்றால் உங்கள் தீர்ப்பு செல்லாது, கதை தெரிந்த கண்ணுக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அந்தப் படத்தைப் பார்க்காத வீட்டார் யாரையாவது உட்காரவைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. உங்கள் ஹெட்போனில் கேட்காதீர்கள். வகுப்பறையில் இருக்கும் அதே ஸ்பீக்கரில், மின்விசிறி ஓடும்போது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கே இரண்டு இடத்தில் ‘என்ன சொன்னான்?’ என்று தோன்றினால் மாணவருக்குப் பத்து இடத்தில் தோன்றும்.

மூன்றாவது, வேகத்தை அளப்பது. சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரிக்கு மேலும் அது தோன்றும் நேரமும் மறையும் நேரமும் இருக்கும். 00:12:04,200-இல் தொடங்கி 00:12:06,900-இல் முடிகிறது என்றால் 2.7 நொடி. அதில் ஏழு சொல் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 156 சொல் வேகம். ஒரே வரியை வைத்து முடிவு செய்யக் கூடாது. பேச்சு முடிந்த பிறகும் படிப்பதற்காக வரியைக் கொஞ்ச நேரம் திரையில் விட்டுவைப்பார்கள், அதனால் உண்மை வேகத்தைவிடக் கணக்கு குறைவாக வரும். இடைவெளியில்லாமல் தொடரும் ஏழெட்டு வரிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பேசும் நேரத்தில் நிமிடத்துக்கு 120 சொல்லுக்குள் இருந்தால் இந்த நிலை மாணவருக்கு நிம்மதி. 120 முதல் 150 வரை இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டிச் சமாளிக்கலாம். 160-ஐத் தாண்டினால் வேறு காட்சி தேடுங்கள். இதோடு காட்சியின் மொத்தச் சொல்லையும் பாருங்கள். மூன்று நிமிடக் காட்சியில் 200 முதல் 250 சொல் வரை இருந்தால், அதில் போதுமான மௌனம் இருக்கிறது என்று பொருள். மாணவர் கேட்டதை மனதுக்குள் அடுக்கிக்கொள்வது அந்த மௌனத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் திரைக்கதைப் பிரதிகளை நம்பி எண்ண வேண்டாம். பல பிரதிகள் படப்பிடிப்புக்கு முந்தையவை, திரையில் வந்த வசனத்தோடு ஒத்துப்போகாது.

நான்காவது, சொற்கள். டாம் காப் நடத்தும் லெக்ஸ்டியூட்டர் தளத்திலோ லாரன்ஸ் ஆந்தனி இலவசமாகத் தரும் ஆன்ட்வேர்ட்புரோஃபைலர் மென்பொருளிலோ வசனத்தை ஒட்டினால், எந்தச் சொல் மிக அதிகம் புழங்கும் முதல் ஆயிரத்தில் வருகிறது, எது இரண்டாம் ஆயிரம், எது அதற்கும் வெளியே என்று பிரித்துக் காட்டிவிடும். இருபது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் முதல் இரண்டாயிரத்துக்கு வெளியே விழுந்தால் யோசிக்க வேண்டும். ஆனால் இந்தக் கருவிகளுக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. ‘புட் அப் வித்’, ‘மேக் அப்’, ‘கெட் ஓவர்’ போன்ற கூட்டுவினைகளில் தனித்தனிச் சொல் எல்லாமே முதல் ஆயிரத்தில் இருக்கும், சேர்ந்து வரும்போது பொருள் வேறு. கருவி ‘சுலபம்’ என்று சொல்லும், மாணவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார். ஆகவே வசனத்தை அச்செடுத்துக் கூட்டுவினைகளைக் கையால் வட்டமிடுங்கள். மூன்று நிமிடத்தில் எட்டுப் பத்து வட்டம் வந்தால் அந்தக் காட்சி இன்டர்மீடியட் வகுப்புக்குப் போகட்டும். கிண்டல், சிலேடை, அமெரிக்க டி.வி. நிகழ்ச்சிகளைத் தொட்டு வரும் நகைச்சுவை எல்லாவற்றையும் இதே பேனாவால் குறித்துக்கொள்ளலாம்.

படம் படமாக

‘லைஃப் ஆஃப் பை’ 2012-இல் வந்தது, புதுச்சேரியில் தொடங்குகிற கதை. நம் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அபூர்வம். நடுவயது பை பட்டேலாக வரும் இர்ஃபான் கான் கதையை நிதானமாக, இந்திய உச்சரிப்பில் சொல்கிறார். கேட்டுப் பழகிய ஒலி என்பதால் காதின் பயம் முதலில் போகிறது. உயிர்காப்புப் படகில் தனியாக மாட்டிக்கொண்ட பையன் பிஸ்கட், தண்ணீர் டப்பா, கையேடு என்று பொருட்களைக் கண்டெடுக்கிற பகுதியில் சொல்லும் பொருளும் ஒன்றாகவே திரையில் வருகின்றன. பள்ளிக் கரும்பலகையில் பை எண்ணின் தசமங்களை எழுதிக்கொண்டே போகும் காட்சி, எண்களைக் கேட்டு எழுதும் பயிற்சிக்குப் பொருந்தும். அதற்குச் சற்று முன்னால் அவன் பெயரைக் கேலிசெய்யும் இடத்தில் கொச்சைச் சொல் வருவதால் எங்கே தொடங்குவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் இதே படத்தின் கடைசியில், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அந்தப் பையன் இரண்டாவது கதையைச் சொல்லும் காட்சி இந்த நிலைக்கு மிகக் கடினம். திரையில் அழுகிற முகம் ஒன்றுதான் இருக்கிறது, சொல்லப்படும் எதுவும் காட்டப்படுவதில்லை. அந்தக் காட்சியைத் தமிழில் விளக்கிவிட்டுச் சப்டைட்டிலோடு போட்டுவிடுவதே சரி. ஒரே படத்துக்குள் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது ‘எளிய படங்கள் பத்து’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்பீல்பெர்க்கின் ‘தி டெர்மினல்’ 2004-ஆம் வருடப் படம். ஆங்கிலம் தெரியாமல் நியூயார்க் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் விக்டர் நவோர்ஸ்கியின் கதை. மாணவர்கள் விக்டரைப் பார்த்த உடனேயே தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் கவனம் சிதறுவதில்லை. அதிகாரி டிக்சன் சட்டம் பேசும் காட்சிகள் வேகமானவை. ஆனால் விக்டரின் நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சிப்ஸ் பாக்கெட்டையும் ஆப்பிளையும் வைத்து டிக்சன் விளக்க முயலும் இடம் அருமையான பாடம். சொல் புரியாவிட்டாலும் கை சொல்லிவிடுகிறது, வசனத்தில் எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்று மாணவர்களே பொருத்திவிடுகிறார்கள். குடியேற்றப் பிரிவு அலுவலரான டாரஸிடம் விக்டர் திரும்பத் திரும்பப் படிவத்தோடு போய், நண்பனுக்காக அவளைப் பற்றிய கேள்விகள் கேட்கிற சிறு காட்சிகளைக் கேள்வி வாக்கியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விக்டர் பேசுவது உடைந்த ஆங்கிலம். அதைப் பின்பற்றிப் பேசச் சொல்லக் கூடாது. விக்டரின் வரிகளை எழுதிக்கொடுத்துத் திருத்தச் சொன்னால் அதுவே நல்ல இலக்கணப் பயிற்சி, மாணவர்களுக்கு அதில் பெரிய தெம்பும் வருகிறது.

‘ஹோம் அலோன்’ சுலபம் என்று நினைத்து முதல் காட்சியிலிருந்து போடுகிறவர்கள் அதிகம். அந்தத் தொடக்கந்தான் படத்திலேயே கடினமான பகுதி. உறவுக்கூட்டம் முழுக்க ஒரே வீட்டில், ஒருவர் மேல் ஒருவர் கத்திப் பேசுகிறார்கள். குடும்பம் கிளம்பிப்போய் சிறுவன் கெவின் தனியாக ஆன பிறகு நிலைமை தலைகீழ். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் அவனிடம் அம்மா எங்கே, வீடு எங்கே என்று குறுகிய கேள்விகளாகக் கேட்கிற காட்சி இந்த நிலைக்கே அளவெடுத்தது போல இருக்கும். ‘வேர்’, ‘ஒய்’ எல்லாம் இயல்பாக வந்துவிடும், நடித்துக் காட்டவும் எளிது.

‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்தில் நாயகனுக்கு ஒரே நாள் மீண்டும் மீண்டும் விடிகிறது. காலை ஆறு மணி அலாரம், அதே தெரு, அதே பழைய பள்ளித் தோழன், கிட்டத்தட்ட அதே வசனம். ஆசிரியர் ரீவைண்ட் செய்ய வேண்டிய வேலையைப் படமே செய்துகொடுக்கிறது. முதல் நாள் புரியாத வரி மூன்றாம் நாள் விடியும்போது தெளிவாகக் கேட்கும். நாயகனின் குத்தல் பேச்சும் சில பெரியவர் விஷயங்களும் இருப்பதால் முழுப்படத்தை வகுப்புக்குக் கொண்டுவராமல், அந்தக் காலைத் தெருக் காட்சிகளை மட்டும் வரிசையாகப் போடுங்கள்.

‘பேடிங்டன்’ 2014-இல் வந்தது, பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு நல்ல வாசல். கதையின் நாயகனான பேடிங்டன் என்ற கரடி மிகவும் மரியாதையாக, முழு வாக்கியங்களாகப் பேசும். ரயில் நிலையத்தில் பிரவுன் குடும்பம் அதைச் சந்திக்கும் இடமும் குளியலறையை வெள்ளக்காடாக்கும் இடமும் எடுக்கலாம். தொடக்கத்தில் வரும் பழைய செய்திப்படம் போன்ற கறுப்பு வெள்ளைப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், அந்த வர்ணனை வேகம் இவர்களுக்கு ஆகாது. ‘ஃபைண்டிங் நீமோ’வில் மறதிக்கார மீன் டோரி சிட்னி முகவரி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது முகவரி எழுதும் பயிற்சிக்கு உதவும். ஆனால் ஆமைக் கூட்டம் பேசும் அலைச்சறுக்கு இளைஞர்களின் கொச்சை ஒருவருக்கும் புரியாது. கார்ட்டூன் படங்களில் பொதுவாகவே உதட்டசைவு மனித உதட்டைப் போலத் துணைசெய்வதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

‘ஃபாரஸ்ட் கம்ப்’ மெதுவாகப் பேசும் படம் என்பதால் பலர் பரிந்துரைக்கிறார்கள். மெதுவான பேச்சுதான், ஆனால் அலபாமா இழுவை. கூடவே வியட்நாம் போர், வாட்டர்கேட் என்று அமெரிக்க வரலாறு தெரிந்தால் மட்டுமே சிரிக்க முடிகிற இடங்கள். அதை அடுத்த நிலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. ‘தி பர்சூட் ஆஃப் ஹேப்பினெஸ்’ ஊக்கம் தரும் படம் என்பதால் வேலைவாய்ப்புப் பயிற்சிகளில் அடிக்கடி போடப்படுகிறது. பங்குச்சந்தைப் பேச்சும் தொலைபேசி உரையாடல்களும் இந்த நிலையில் எட்டாதவை. ஆனால் பெயின்ட் கறை படிந்த உடையோடு நாயகன் நேர்காணலுக்கு வந்து உட்காரும் அந்தச் சில நிமிடங்கள் தனி. என்ன சங்கடம் என்பது அவர் உடையிலேயே எழுதியிருக்கிறது, பேச்சில் இடைவெளி இருக்கிறது, கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னொன்று, ஸ்ரீதேவி நடித்து 2012-இல் இந்தியிலும் தமிழிலும் வந்த ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’. பெரும்பகுதி ஆங்கிலம் இல்லாததால் இது ஆங்கிலப் படம் ஆகாது. ஆனாலும் நியூயார்க் காபிக் கடையில் ஆர்டர் கொடுக்கத் திணறும் காட்சிக்கும், கடைசியில் கல்யாண வீட்டில் நாயகி சசி எழுந்து நிதானமாகப் பேசும் ஆங்கிலப் பேச்சுக்கும் வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும். முன்னதை ‘இந்த வேகத்தில்தான் கேட்பார்கள்’ என்று காட்டவும், பின்னதை எளிய சொற்களால் எவ்வளவு சொல்லிவிடலாம் என்று காட்டவும். குறிப்பாகத் திருமணமாகி வந்து படிக்கும் பெண்கள் இந்தக் காட்சிகளுக்குப் பிறகு வாய்திறந்து பேசத் தொடங்குகிறார்கள்.

‘காஸ்ட் அவே’ படத்தில் தீவில் நெருப்பு மூட்டப் போராடும் காட்சி, ‘அப்’ படத்தில் ஒரு தம்பதியின் வாழ்நாளை வசனமில்லாமல் காட்டும் சில நிமிடங்கள் போன்றவற்றைக் கேட்கும் பயிற்சி என்று நினைத்துப் போடக் கூடாது. கேட்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அவை பேசுவதற்கானவை. ஒருவர் திரைக்கு முதுகு காட்டி உட்கார, இன்னொருவர் நடப்பதைச் சொல்ல வேண்டும். நெருப்புக் காட்சி பிரசன்ட் கன்டினியுவஸுக்கும் தம்பதி காட்சி பாஸ்ட் டென்ஸுக்கும் பொருந்தும்.

வகுப்பில் காட்டும் வரிசை

ஒன்றரை மணி நேர வகுப்பில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றே போதும். முதலில் சத்தமில்லாமல் ஒரு முறை. யார், எங்கே, என்ன வேண்டும் என்று இருவர் இருவராகப் பேசட்டும், தமிழ் கலந்தாலும் பரவாயில்லை. பிறகு சொற்கள். இங்கேதான் ஆசிரியர்கள் இருபது சொல் பட்டியலைப் பலகையில் எழுதி, படம் பார்க்கும் ஆர்வத்தையே அணைத்துவிடுகிறார்கள். ஐந்து, அதிகம் போனால் ஆறு. அதுவும் இல்லாவிட்டால் கதையே புரியாது என்ற சொற்கள் மட்டும். திரையில் கண்ணால் பார்க்க முடிகிற பொருளின் பெயரை முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் முறை சத்தத்தோடு, சப்டைட்டில் இல்லாமல். இரண்டே கேள்வி, அவையும் கதையின் போக்கைப் பற்றியவை. தொப்பி என்ன நிறம் என்ற மாதிரி ஞாபகசக்திக் கேள்வி வேண்டாம். படம் ஓடும்போது ஒர்க்‌ஷீட் கையில் இருக்கவே கூடாது. தலை குனிந்து எழுதும் நேரத்தில் முகமும் சைகையும் தவறிப்போகும், நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே அவற்றுக்காகத்தான். ஓடி முடிந்த பிறகு தாளைக் கொடுங்கள்.

மூன்றாம் முறை ஆங்கிலச் சப்டைட்டிலோடு. தமிழ்ச் சப்டைட்டில் இந்த மூன்று நிமிடத்துக்கு வேண்டாம், அது வந்தால் ஆங்கிலம் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடும். ஆங்கிலச் சப்டைட்டிலும் சில சமயம் வசனத்தைச் சுருக்கி எழுதியிருக்கும். யூடியூப் தானாகப் போடும் எழுத்தில் பிழையும் இருக்கும். முந்தைய நாளே ஒரு முறை ஒப்பிட்டுவிடுங்கள். அதற்கப்புறம் நான்கு வரி டிக்டேஷன்: நசுங்கி ஒலிக்கிற வரிகளாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டு, கேட்டபடி எழுதச் சொல்லுங்கள். ‘வாட்டய கன’ என்பது எந்த ஐந்து சொல் என்று மாணவர் தானே கண்டுபிடிக்கும்போது நடக்கிற கற்றல் வேறெந்த வழியிலும் நடப்பதில்லை. எழுதியதை அதே நசுங்கலோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். கடைசியாகச் சப்டைட்டிலை எடுத்துவிட்டு இன்னொரு முறை. இந்தக் கடைசி ஓட்டத்தைத் தவிர்க்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு முன் இரைச்சலாக இருந்தது இப்போது பேச்சாகக் கேட்கிறது என்பதை மாணவர் தன் காதாலேயே உணர வேண்டும்.

நேரம் இருந்தால் நடிப்பு. வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்வதைவிட, சூழலை மட்டும் மாற்றுங்கள். சூப்பர் மார்க்கெட் காட்சியை நம் ஊர் மளிகைக் கடையாக்கினால் கேள்விகள் தானாக மாறும்.

கருவிகள்

வி.எல்.சி. பிளேயரில் ஷிஃப்ட் விசையோடு இடது அம்பை அழுத்தினால் மூன்று நொடி பின்னால் போகும், ஆல்ட்டோடு அழுத்தினால் பத்து நொடி. டிக்டேஷனுக்கு மவுஸைத் தேடிக்கொண்டிருக்காமல் இந்த இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு, ஆனால் 0.85-க்குக் கீழே போனால் குரல் இழுபட்டுச் சிதைகிறது. நசுங்கிய அசை மெதுவாக நசுங்கி ஒலிக்குமே தவிர முழுசாகிவிடாது. வரிக்கு வரி நிறுத்திக் காட்டுவது வேகத்தைக் குறைப்பதைவிட நன்றாக வேலைசெய்கிறது.

இசை காதைப் பிளக்கிறது, பேச்சு மட்டும் கிசுகிசுப்பாகக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் 5.1 ஒலித்தடம், அதாவது ஒலியை ஆறு சானலாகப் பிரித்துத் தருவது. அதில் வசனம் நடுச் சானலில் இருக்கும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள அறையில் அதைக் கலந்து தரும்போது பேச்சு அமுங்கிவிடும். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் எட்டுப் பேருக்கு மேல் போதாது. சுமாரான வெளி ஸ்பீக்கர் ஒன்றை மாணவர்களின் காது உயரத்தில், திரைக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். காட்சி ஓடும் மூன்று நிமிடம் மின்விசிறியை நிறுத்திவைப்பதில் தவறில்லை. புரொஜெக்டர் வெளிச்சம் பத்தாமல் முகம் மங்கலாகத் தெரிந்தால் உதட்டசைவு போய்விடும், ஜன்னலுக்குத் துணி கட்டுவது அதற்காகத்தான்.

வகுப்பில் ஆணும் பெண்ணும், வெவ்வேறு வயதும் சேர்ந்திருப்பதால், எடுக்கும் காட்சிக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள். கை தவறி ஓடிவிட்டால் வரும் சங்கடத்தில் அந்த வகுப்பே கலைந்துபோகும். ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோருக்கான குறிப்புப் பகுதி இருக்கிறது, எந்த இடத்தில் என்ன வருகிறது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். கல்வி நிறுவனத்தின் நடவடிக்கையாக, பார்வையாளர்கள் அங்குள்ள மாணவர், ஊழியர், பெற்றோர், காப்பாளர் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை படம் காட்டுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஓ.டி.டி. சந்தா சொந்தப் பயன்பாட்டுக்கென்று தரப்படுவது, அதன் நிபந்தனைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். டி.வி.டி. வாங்கி வைத்துக்கொண்டால் வகுப்பு நேரத்தில் நெட் போனாலும் கவலையில்லை.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதிவைக்கும் நோட்டு ஒன்று போடுங்கள்: படம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்தச் சொல், வேகம், எந்த இலக்கணத்துக்கு, எந்த வரியில் வகுப்பு சிக்கியது. ஒரே படத்தின் டி.வி.டி. பதிப்புக்கும் ஓ.டி.டி. பதிப்புக்கும் நேரம் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை வேறுபடும், அதனால் எந்தப் பதிப்பு என்பதையும், காட்சி தொடங்கும் முதல் வசனத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.